கானாட் ஓடைப் பள்ளத்தாக்கு, 2003: ‘கணிசம்’ என்ற ஒரு சொல்லும் பதினேழு பேரும்

2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. இந்தத் தேதியைச் சொன்னால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்பனா சாவ்லாதான். கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் டெக்சாஸ் வானில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதே நாள், சில மணி நேரம் கழித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இன்னொரு ஏழு பேர் இறந்தார்கள். எல்லோரும் பத்தாம் வகுப்பு மாணவர்கள். நம் ஊர்ச் செய்திகளில் அது அநேகமாக வரவே இல்லை. கனடாவிலோ, பனிமலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் விதத்தையே அந்த ஒரு நாள் மாற்றிவிட்டது.

ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பலகைகளில் பயணம் செய்யாதவர்களும் படிக்கவேண்டிய நிகழ்வு இது என்று நினைக்கிறேன். இதில் கண்மூடித்தனமான முட்டாள்தனம் எதுவும் இல்லை. பொறுப்பில்லாத ஆசிரியர், எச்சரிக்கையைக் கிழித்துப்போட்ட வழிகாட்டி, கருவியே இல்லாமல் கிளம்பிய கூட்டம் என்று யாரும் இதில் இல்லை. கருவி, திட்டம், அனுபவம், அன்றைய அபாய அறிக்கை எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் பதினேழு பேரும் ஒரே பனிச்சரிவில் சிக்கினார்கள்.

இடம்

கால்கரியிலிருந்து மேற்கே டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் போனால் பான்ஃப், கோல்டன் எல்லாம் தாண்டி செல்கர்க் மலைத்தொடரில் ஏறவேண்டும். அதன் உச்சிதான் ரோஜர்ஸ் கணவாய், உயரம் சுமார் 1,330 மீட்டர். கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. (அமெரிக்காவின் மான்டானாவிலும் இதே பெயரில் ஒரு பூங்கா உண்டு, அது வேறு.) பசிபிக்கின் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டும். நெடுஞ்சாலையைத் தொடக்கூடிய பனிச்சரிவுத் தடங்கள் மட்டும் 130-க்கும் மேல். சாலையைக் காப்பாற்றக் கனடா ராணுவம் குளிர்காலம் முழுக்க அங்கே முகாமிட்டு, 105 மிமீ பீரங்கிகளால் சரிவுகளைச் சுட்டு, பனி பெரிதாகச் சேரும் முன்பே இறக்கிவிடுகிறது.

இந்தக் கணவாய்க்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1910 மார்ச் 4 இரவு, கீயாப்ஸ் மலையிலிருந்து விழுந்த பனி ரயில் பாதையை மூடியது. அதை அகற்றத் தொழிலாளர்கள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு சரிவு வந்து விழுந்தது. இறந்தவர்கள் 58 பேர். அதில் 32 பேர் ஜப்பானியத் தொழிலாளர்கள். கணவாயின் மேலே ரயில் ஓட்டுவதையே ரயில் நிறுவனம் கைவிட்டு, மலைக்கு அடியில் எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தது. 1916-இல் திறந்த அந்தச் சுரங்கத்தின் பெயர் கானாட். அதே பெயரைத் தாங்கிய ஓடை ஒன்று கணவாயின் உச்சியில் மேற்கிலிருந்து இறங்கி வருகிறது. அந்த ஓடை ஓடும் பள்ளத்தாக்குதான் நம் நிகழ்விடம்.

ஓடையை ஒட்டி மேலே ஏறிப் போனால் ஆறு கிலோமீட்டர் சொச்சத்தில் பாலு கணவாய் வரும். நமக்குப் பாலு என்றால் பக்கத்து வீட்டு பாலசுப்பிரமணியன். இது இந்தியிலிருந்து போன சொல், பொருள் கரடி. சுற்றிலும் கிரிஸ்லி மலை, உர்சஸ் மலைகள், புருயின்ஸ் கணவாய் என்று எல்லாப் பெயரும் கரடிதான். தெற்குப் பக்கம் நிற்பது மட்டும் வேறு: எகிப்தியப் பிரமிடு போன்ற வடிவத்தால் பெயர் பெற்ற கீயாப்ஸ். அதன் வடக்கு முகம் செங்குத்தாகப் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கிறது.

இந்த நிலவமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் அடி சாய்வு குறைந்தது. ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற ஒட்டுப்பட்டையை மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு அது சுலபமான ஏற்றம். பழகுகிறவர்களுக்கு ஏற்ற வழி என்று பெயர் எடுத்தது. ஆனால் இரண்டு பக்கமும் மரமில்லாத பட்டைகள் உச்சியிலிருந்து ஓடைவரை இறங்குகின்றன. அந்த இடங்களில் மரம் இல்லாததற்குக் காரணம், வளரும் மரத்தைப் பனிச்சரிவு திரும்பத் திரும்ப முறித்துப்போடுவதுதான். காலுக்கு எளிய வழி, தலைக்கு மேலே எளிதல்ல.

பனி

2002-03 குளிர்காலம் மேற்குக் கனடாவுக்குக் கெட்ட குளிர்காலம். காரணம் நவம்பரிலேயே விதைக்கப்பட்டுவிட்டது. பருவத் தொடக்கத்தில் விழுந்த பனியின் மேல் மழை பெய்து, அது உறைந்து கடினமான ஓடு ஆனது. அப்புறம் குளிர்ந்த, வறண்ட நாட்கள் வந்தன. மெல்லிய பனிப்படலத்தில் அடியில் சற்று வெப்பமும் மேலே கடுங்குளிரும் இருந்தால், உள்ளே நீராவி மேல்நோக்கி நகர்ந்து பனித்துகள்களைப் பட்டை பட்டையான மணிகளாக மாற்றிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள். வறுத்த ரவையை உருண்டை பிடிக்க முடியுமா? அந்த மாதிரி.

இந்த ரவை அடுக்கின் மேல் டிசம்பரும் ஜனவரியும் பனியைக் கொட்டிக்கொண்டே இருந்தன. மேலே விழுந்தது காற்றாலும் எடையாலும் இறுகிப் பலகை ஆகிறது. கீழே வலுவில்லாத அடுக்கு. பலகை தடிக்கத் தடிக்க, மேலே நடக்கிற ஓர் ஆளின் எடை கீழே போய்ச் சேர்வது குறையும். அதனால் சரிவைத் தூண்டுவதும் கடினமாகும், ‘சரி, பனி அமர்ந்துவிட்டது’ என்ற எண்ணமும் வரும். ஆனால் ஏதோ ஒரு மெல்லிய இடத்தில் விரிசல் தொடங்கிவிட்டால், உடைவது முழுப் பருவத்தின் பனி. நடுவில் பல நாள் ஒன்றுமே நடக்காது. நடந்தால் பெரிதாக நடக்கும். குழி தோண்டிப் பார்த்தாலும் பத்து அடி தள்ளி வேறு விடை கிடைக்கக்கூடிய, தொழில்முறை வழிகாட்டிகளே வெறுக்கிற வகைப் பனி இது.

பன்னிரண்டு நாள் முன்னால், ஜனவரி 20 அன்று, அதே செல்கர்க் தொடரில் டுராண்ட் பனியாற்றுப் பகுதியில் வழிகாட்டிகளோடு போன ஒரு குழுவில் ஏழு பேர் இறந்திருந்தார்கள். புகழ்பெற்ற ஸ்னோபோர்டு வீரர் கிரெய்க் கெல்லி அவர்களில் ஒருவர். அந்தக் குளிர்காலம் முடிந்தபோது கனடாவில் பனிச்சரிவுச் சாவு எண்ணிக்கை 29. வழக்கமான ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்தக் காலை

வந்தவர்கள் ஆல்பர்ட்டாவில் கால்கரிக்குத் தெற்கே ஒகோடோக்ஸ் அருகிலுள்ள ஸ்ட்ராத்கோனா-ட்வீட்ஸ்முயர் என்ற தனியார் பள்ளியைச் சேர்ந்தவர்கள். வெளிப்புறக் கல்வி அந்தப் பள்ளியின் அடையாளம். பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போவது அங்கே பாடத்திட்டத்தின் பகுதி, ஆண்டுக்கணக்கான வழக்கம். 14 மாணவர்கள், 3 பெரியவர்கள். ஒவ்வொருவரிடமும் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் டிரான்ஸீவர் என்ற கருவி இருந்தது, பனிமண்வெட்டி இருந்தது, குத்திப் பார்க்கும் நீள்கம்பியும் இருந்தது. தேட முன்பே பயிற்சி எடுத்தவர்கள்.

அன்றைய பூங்கா அறிக்கை மலையை மூன்று உயர மண்டலமாகப் பிரித்து அபாயம் சொன்னது. மரங்களுக்கு மேலே உள்ள உச்சிப் பகுதியில் ‘கணிசம்’. மரங்கள் வளர்வது நின்றுபோகும் மர எல்லையில் ‘கணிசம்’. மர எல்லைக்குக் கீழே ‘மிதம்’. குறைவு, மிதம், கணிசம், அதிகம், அதீதம் என்ற ஐந்து படிகளில் கணிசம் நடுப்படி.

குழு போனது பள்ளத்தாக்கின் அடியில், அதாவது ‘மிதம்’ மண்டலத்தில். எந்தச் செங்குத்துச் சரிவிலும் அவர்கள் ஏறவில்லை. அவர்கள் பார்வையில் அது எச்சரிக்கையான தேர்வு.

ஏறத்தாழ 11:45 மணிக்குக் கீயாப்ஸின் வடக்கு முகத்தில் உச்சிக்கு அருகே பனி தானாகவே உடைந்தது. குழுவில் யாரும் அதைத் தூண்டவில்லை. கனடாவில் சரிவின் அழிவுத் திறனை 1 முதல் 5 வரை அளப்பார்கள். 3 என்றால் கார் ஒன்றைப் புதைத்து நொறுக்கும், மர வீட்டை இடிக்கும். 4 என்றால் ரயில் பெட்டியையும் சில ஏக்கர் காட்டையும் அழிக்கும். இது 3.5. பள்ளத்தாக்கின் அடியில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த பதினேழு பேர் மீதும் வந்து விழுந்தது.

எதிர்ப்பக்கச் சரிவில், குழுவுக்கு மேலே, இரண்டு மலை வழிகாட்டிகள் தம் சொந்தப் பயணமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். சரிவு கிளம்பியதைப் பார்த்துக் கத்தினார்கள். பயனில்லை, நேரமில்லை. தூள் அடங்கியதும் கீழே சறுக்கி இறங்கித் தேடத் தொடங்கினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தவர்களைத் தோண்டி எடுத்து, எடுத்தவர்களையும் தேடலில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்து பள்ளத்தாக்கிலிருந்த மற்றவர்களும், ஹெலிகாப்டரில் பூங்கா மீட்பாளர்களும் வந்து சேர்ந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள்.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசும்போது ‘எல்லாரிடமும் டிரான்ஸீவர் இருந்ததே’ என்று உடனே யாராவது கேட்பார்கள். அந்தக் கருவியின் தர்க்கத்தை உடைத்துப் பார்ப்போம்.

டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. யாராவது புதைந்தால் மற்றவர்கள் தம் பெட்டியைப் ‘பெறு’ நிலைக்கு மாற்றிச் சமிக்ஞையைப் பிடித்துத் தேடவேண்டும். இதில் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: மாற்றுவதற்கு வெளியே ஆள் வேண்டும். முழுக் குழுவும் ஒரே சரிவில் சிக்கினால் பதினேழு பெட்டிகளும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். பாதி புதைந்து தப்பியவர் பதற்றத்தில் தன் பெட்டியை மாற்ற மறந்தால், அந்தச் சமிக்ஞை தேடுகிறவரையே ஏமாற்றும். பல சமிக்ஞைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பிரித்து அறிவது 2003-இன் கருவிகளுக்குக் கடினம்.

அன்று வெளியே இருந்தவர்கள் அந்த இரண்டு வழிகாட்டிகள். அவர்கள் இருந்தது திட்டத்தின் பகுதி அல்ல. தற்செயல். ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ அவர்கள் கிளம்பியிருந்தால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும், பிழைத்தவர்களின் எண்ணிக்கையும்.

நேரக் கணக்கும் இரக்கமற்றது. சுவிட்சர்லாந்தின் தரவை வைத்து 1994-இல் வெளியான ஆய்வின்படி, முழுவதும் புதைந்தவர் முதல் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். 35 நிமிடம் ஆனால் சுமார் 30 சதவீதம். பிற்பாடு கனடாவின் தரவைத் தனியே பார்த்தபோது அங்கே கோடு இன்னும் வேகமாகக் கீழே இறங்குவது தெரிந்தது: அடர்ந்த ஈரப் பனி, மரங்களில் மோதிக் காயம். இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓர் ஆளைக் கண்டுபிடித்து, இறுகிப்போன பனியைத் தோண்டி முகத்தை வெளியே கொண்டுவருவதே நல்ல குழுவுக்குப் பெரிய வேலை. பல பேர் என்றால், யாரை முதலில் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் முன் வைக்கும் நிலைமை எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்திருக்காது.

எண்ணிக்கை

‘இடைவெளி விட்டுப் போயிருக்கலாமே’ என்பது அடுத்த கேள்வி. நியாயமானது, ஆனால் பதில் நினைப்பதைவிடச் சிக்கல்.

ஆளுக்குப் பத்து மீட்டர் விட்டால் பதினேழு பேரின் வரிசை 160 மீட்டர் நீளும். பெரிய சரிவு ஒன்று பள்ளத்தாக்கின் அடியில் விரியும்போது அந்த நீளம் அதற்கு ஒரு வாய்தான். சரி, ஒவ்வொருவராகப் பனிச்சரிவுத் தடத்தைக் கடக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் கடக்க மூன்று நிமிடம் என்றால் பதினேழு பேருக்கு 51 நிமிடம். காத்திருப்பவர்கள் நிற்க இரண்டு பக்கமும் பாதுகாப்பான இடம் வேண்டும். தடங்கள் ஒன்றை அடுத்து ஒன்று வரும் பள்ளத்தாக்கில் அந்த இடங்கள் அரிது. இருந்தாலும், இப்படி ஒவ்வொரு தடத்திலும் செய்தால் பகல் முடிந்துவிடும். ஆக, நான்கு பேர் குழுவுக்கு இருக்கிற தற்காப்பு பதினேழு பேர் குழுவுக்குக் கிடைப்பதில்லை. ஆள் கூடக் கூட, அபாயப் பகுதியில் நிற்கும் மொத்த நேரமும் கூடுகிறது.

அதே பாதையில் கோடையில் நிலைமை நேர் எதிர். கிரிஸ்லி கரடி நடமாட்டம் அதிகமான இடம் என்பதால், கூட்டமாகத்தான் போகவேண்டும் என்று பூங்கா பல முறை கட்டளையே போட்டிருக்கிறது. ஜூலையில் ஆள் கூடினால் பலம். பிப்ரவரியில் ஆள் கூடினால், விழுவதன் கீழே அதிகம் பேர்.

பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மெக்காமன், பழகிய இடத்தில் குழுக்கள் தம்மை அறியாமல் கூடுதல் அபாயத்தை ஏற்கும் போக்கைக் காட்டினார். ‘போன வருஷமும் வந்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற நினைப்பு பனியின் நிலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீண்ட கால வழக்கம் உள்ள எந்தப் பள்ளிக்கும், கிளப்புக்கும், நண்பர் குழாமுக்கும் இது பொருந்தும்.

‘கணிசம்’

இப்போது இந்த நிகழ்வின் மையத்துக்கு வருவோம். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு இது ஓர் அறிக்கையை வாசிக்கும் விதம் பற்றிய பிரச்சினையாகத்தான் படுகிறது.

கணிசம் என்ற சொல்லே குழப்பம். நமக்குக் ‘கணிசமான தொகை’ என்றால் கொஞ்சம் சந்தோஷம்கூட வரும். ஆங்கில மூலச் சொல்லிலும் இதே மந்தம் உண்டு. ஐந்தில் மூன்றாவது படி என்பதால், தேர்வில் ஐம்பது மதிப்பெண் போல ஒரு நடுத்தர உணர்வு வருகிறது. ஆனால் அந்தப் படிகள் சம இடைவெளி கொண்ட ஏணி அல்ல. ஒவ்வொரு படிக்கும் அபாயம் பெருகிக்கொண்டே போகும். கணிசம் என்றால் சரிவு தானாகவே கிளம்பக்கூடும், மனிதர் தூண்டுவதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு என்று பொருள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழ பாதி இந்த மூன்றாம் படி நாட்களில்தான் நிகழ்கின்றன. ‘அதீதம்’ என்று போட்டால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். கணிசம் என்றால் கிளம்பலாம் என்று தோன்றும் நாள். குளிர்காலத்தில் அப்படிப்பட்ட நாட்களும் நிறைய.

சொல்லைவிடப் பெரிய கோளாறு மண்டலத்தில் இருக்கிறது. ‘மர எல்லைக்குக் கீழே மிதம்’ என்றால், அங்கே கிளம்பக்கூடிய சரிவுகளைப் பற்றி மிதம். அங்கே வந்து விழக்கூடிய சரிவுகளைப் பற்றி அல்ல. பள்ளத்தாக்கின் அடியில் நடக்கிற ஆளின் உயரம் மிதத்தில் இருக்கிறது. அவர் தலைக்கு மேலே நிற்கிற முகமோ கணிசத்தில் இருக்கிறது. விழுவது மேலிருந்துதான். அறிக்கையின் எந்த வரியும் பொய் அல்ல. ஆனால் ‘நான் நிற்கிற இடத்துக்கு என்ன அபாயம்’ என்ற கேள்விக்கு அந்த மூன்று வரிகளில் நேரான பதில் இல்லை. வாசிப்பவர் நிலப்படத்தைப் பார்த்துத் தானே கூட்டிக்கொள்ளவேண்டும்.

நிபுணர் கூட்டிக்கொள்வார். கானாட் ஓடையில் நடப்பது என்பது கீயாப்ஸின் காலடியில் நடப்பது என்று ரோஜர்ஸ் கணவாய் வழிகாட்டிக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கால்கரியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையின் பயணத்துக்குச் சம்மதம் தருகிற பெற்றோருக்கு? அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, அதை வைத்து அவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்பது விபத்துக்குப் பிறகு மிகக் கடுமையாக எழுந்த கேள்வி. வளர்ந்தவர் தன் உயிரை அபாயத்தில் வைக்க முடிவெடுப்பது ஒரு விஷயம். பதினைந்து வயதுப் பிள்ளை அப்படி முடிவெடுப்பதில்லை. அவனுக்காகப் பள்ளி எடுக்கிறது, பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். மூன்று பேரில் அபாயம் யாருடையதோ, அவனுக்கு மட்டும்தான் தேர்வு கிடையாது.

பிறகு மாறியவை

பள்ளி ஒரு சுயாதீன ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடா தன் பக்கம் ஒரு குழுவை அமைத்து அபாயத் தகவல் முறையையே மறுபரிசீலனை செய்தது. 2004-இல் நாட்டுக்கென ஒரு கனடியப் பனிச்சரிவு மையம் அமைந்தது. இன்று அவலாஞ்ச் கனடா என்று இயங்குவது அதுதான். இவையெல்லாம் முக்கியம், ஆனால் நிர்வாகச் செய்திகள். எனக்குச் சுவாரசியமானது வேறொன்று.

கிராண்ட் ஸ்டாதம் தலைமையில் பார்க்ஸ் கனடாவில் ஒரு சிறு குழு, 2004-இல் புதிய அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. பனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இடத்தை மட்டும் தரம் பிரித்தது. சரிவின் கோணம், மரங்களின் அடர்த்தி, ஓடைக்குழி போன்ற, ஆளைச் சிக்கவைக்கும் இடங்கள், எத்தனை தடங்களைக் கடக்கவேண்டும், எவ்வளவு நேரம் அடியில் நிற்கவேண்டும், விலகிப்போக மாற்றுவழி உண்டா என்று பதினோரு அம்சங்களை வைத்து ஒவ்வொரு பாதையையும் எளியது, சவாலானது, சிக்கலானது என மூன்று வகுப்பில் போட்டார்கள். பனி நாளுக்கு நாள் மாறும், மலை மாறாது. எனவே இதை ஒரு முறை செய்து வரைபடத்தில் அச்சிட்டுவிடலாம். எவ்வளவு எளிய யோசனை! அதுவரை பொதுமக்களுக்குத் தினமும் கிடைத்தது பனியின் நிலை மட்டும். இடத்தின் குணம் உள்ளூர்க்காரர்களின் மண்டைக்குள் இருந்தது.

இரண்டையும் சேர்த்து வாசிக்க 2006-இல் ‘அவாலுவேட்டர்’ என்ற அட்டை ஒன்று வந்தது. ஒரு பக்கம் அன்றைய அபாயப் படி, இன்னொரு பக்கம் பாதையின் வகுப்பு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தின் நிறம் உங்களுக்கு எச்சரிக்கை. அதே ‘கணிசம்’ எளிய இடத்தில் ஒரு நிறம், சிக்கலான இடத்தில் வேறு நிறம். பள்ளத்தாக்கின் அடியில் நின்று தலைக்கு மேல் பார்க்கிற அந்தக் கணக்கை, அனுபவமில்லாதவர் கையிலும் கொடுக்கிற முயற்சி இது. முழுமையானது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லமாட்டார்கள். ஆனால் 2003 ஜனவரியில் யாரிடமும் இப்படி ஓர் அட்டை இல்லை.

மூன்றாவது மாற்றம் சட்டம். பெற்றோர் கூட இல்லாத, பள்ளி, தேவாலயம், சாரணர் போன்ற அமைப்பின் பொறுப்பில் வருகிற, வயது வராத பிள்ளைகள் உள்ள குழுவை மலைத்தொடரின் தேசியப் பூங்காக்கள் ‘காப்புப் பொறுப்புக் குழு’ என்று தனியே வகைப்படுத்தின. எளிய இடத்துக்கு அவர்கள் தம் ஆசிரியரோடு போகலாம். சவாலான இடத்துக்குப் போகச் சான்றிதழ் பெற்ற மலை வழிகாட்டி கட்டாயம். சிக்கலான இடத்துக்குக் குளிர்காலத்தில் அனுமதியே கிடையாது.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிள்ளைகளைப் பஞ்சில் பொத்தி வளர்க்கிறோம், மலையை அறியாத தலைமுறை பின்னால் தனியாகப் போய்ச் சிக்கும் என்றார்கள் வெளிப்புறக் கல்விக்காரர்கள் சிலர். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தப் பள்ளியின் பல பழைய மாணவர்களுக்கு மலை வாழ்க்கையின் பகுதியானது இப்படிப்பட்ட பயணங்களால்தானே.

இன்னொரு எதிர்ப்பு கூர்மையானது: வழிகாட்டி இருந்தால் மட்டும் என்ன? பன்னிரண்டு நாள் முன்னால் டுராண்டில் இறந்த ஏழு பேரும் வழிகாட்டியோடு போனவர்கள். அந்தப் பகுதியை அவரளவு அறிந்தவர் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அந்த ரவைப் பனி அவரையும் ஏமாற்றியது. இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. விதியை எழுதியவர்களும் தவிர்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சவாலான வகுப்புவரை அவர்கள் வழிகாட்டியின் தீர்ப்பை நம்பினார்கள். மூன்றாவது வகுப்பில், எவ்வளவு பெரிய சான்றிதழோடு யார் வந்தாலும், பிள்ளைகள் குழுவுக்கு வாசலை மூடிவிட்டார்கள்.